பாட்டிக்குக் கேபின், பேரனுக்குக் கூடாரம்

ஆஸ்திரேலியாவில் ஒரு ஹாலிடே பார்க்கில் குடும்பத்தோடு தங்க இடம் தேடுகிறீர்களா? படங்களையும் வாடகையையும் பார்ப்பதற்கு முன்னால் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள். ராத்திரி மூன்று மணிக்கு வீட்டின் மூத்தவர் கழிப்பறைக்குப் போகவேண்டுமென்றால் எவ்வளவு தூரம் நடக்கவேண்டும்? இந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்தாலே பாதி முடிவு ஆகிவிடும்.

எங்கள் முதல் பயணத்தில் நாங்கள் இதைக் கேட்கவில்லை. கும்பகோணத்திலிருந்து வந்திருந்த மாமியாரையும் அழைத்துக்கொண்டு ஜூன் மாத நீண்ட வார இறுதியில் கிளம்பினோம். பதிவு செய்த கூடாரத்தின் படத்தில் கட்டில், மெத்தை, கம்பளம், தொங்கும் விளக்கு எல்லாம் இருந்தன. குளியலறை மட்டும் இல்லை. ‘குளியலறை வசதி அருகிலேயே’ என்று ஒரு வரி இருந்தது. அதை நாங்கள் எங்களுக்குச் சாதகமாகப் படித்துக்கொண்டோம். அருகில் என்றால் நூற்றைம்பது அடி. சரளைக்கல் பாதை, இரண்டு பக்கமும் பனி விழுந்த புல். மூன்று மணிக்கு என்னை எழுப்ப மனமில்லாமல், இருட்டில் கூடாரத்தின் ஜிப் எங்கே என்று அவர் கையால் தடவிக்கொண்டிருந்த சத்தத்தில்தான் விழித்தேன். புடவைக்கு மேல் என் ஜாக்கெட்டைப் போட்டு, டார்ச்சைப் பிடித்துக்கொண்டு போய் வந்தோம். மறுநாள் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அவர் தண்ணீர் குடிக்கவில்லை. யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு அவர் எதிரே டம்ளர் நிறைய அப்படியே இருந்ததைப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது.

அதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். பெரியவர்களுக்குக் கேபின், குழந்தைகளோடு எங்களுக்குப் பக்கத்திலேயே கூடாரம். இந்த அத்தியாயத்தில் நான் சொல்லப்போவது பெரும்பாலும் இதைச் சுற்றியே இருக்கும்.

எதை வாடகைக்கு எடுக்கிறோம்

ஆற்றங்கரையிலும் கடற்கரையிலும் ஒரு காலத்தில் காரவன் பார்க் என்று இருந்தவைதான் இன்று ஹாலிடே பார்க். காரவன்கள் நிற்க எண் போட்ட மனைகள் (மின்சாரம் உள்ளவை, இல்லாதவை என இரண்டு வகை), பொதுக் குளியலறைக் கட்டடம், பொதுச் சமையற்கூடம், குழந்தைகள் குதிக்கக் காற்றடைத்த பெரிய மெத்தை, ஒரு ஓரமாகக் கேபின்கள். இவற்றோடு சமீப ஆண்டுகளில் சேர்ந்ததுதான், கட்டில் மெத்தையோடு தயாராக நிற்கும் கிளாம்பிங் கூடாரம். ஜெர்விஸ் பே அருகே 1999 முதல் இயங்கும் பேப்பர்பார்க் கேம்ப் போன்ற தனி விடுதிகள் காட்டிய வழியை, இன்று சாதாரணக் குடும்பங்கள் போகும் பார்க்குகளும் தம்மால் இயன்ற அளவில் பின்பற்றுகின்றன.

கூடாரத்தில் இரண்டு வகையைப் பிரித்தறியத் தெரிந்தால் போதும். ஒன்று பெல் டென்ட். நடுவில் ஒற்றைக் கம்பம், வட்ட வடிவம். ஓரங்களில் நிமிர்ந்து நிற்க முடியாது, வாசலில் குனிந்துதான் நுழையவேண்டும், குளியலறை அநேகமாக வெளியே. இன்னொன்று சஃபாரி டென்ட். மரத் தளத்தின்மேல் நிரந்தரமாக நிற்கும். உள்ளே எழுந்து நடக்கலாம். முன்னால் ஒரு திண்ணை. நல்ல இடங்களில் பின்புறமே குளியலறையும் கழிப்பறையும். விளம்பரத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான் போடுவார்கள். முழங்கால் வலி உள்ளவரையும் கைக்குழந்தையையும் பெல் டென்ட்டில் தங்கவைக்காதீர்கள். கைக்குழந்தைக்குத் துணி மாற்றுவதற்காக ஒவ்வொரு முறையும் குனிந்து நுழைந்து பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும்.

பார்க்கின் பெயரைப் பார்க்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். 1979-ல் தொடங்கிய பிக்4 என்பது ஒரே முதலாளியின் நிறுவனம் அல்ல. தனித்தனி உரிமையாளர்கள் ஒரு பெயரின் கீழ் சேர்ந்த கூட்டமைப்பு. ஆகவே ஒரு பிக்4-ல் பார்த்த வசதியும், பணம் திருப்பித் தரும் விதியும் இன்னொன்றில் அப்படியே இருக்குமென்று நம்பக்கூடாது. என்ஆர்எம்ஏ என்னும் வாகன ஓட்டிகள் சங்கமும் பார்க்குகள் நடத்துகிறது. நீங்கள் அதில் உறுப்பினர் என்றால் தள்ளுபடி கேளுங்கள். நியூ சவுத் வேல்ஸில் ரிஃப்ளெக்‌ஷன்ஸ் பார்க்குகள் அரசுப் பொதுநிலத்தில் இருப்பவை. கட்டடங்கள் சில இடங்களில் பழையவையாக இருக்கும், ஆனால் இடம் கடலை ஒட்டி அமைந்திருக்கும். எனக்கு அந்தப் பேரம் பிடிக்கும்.

பதிவை இணையத்தில் செய்தாலும், செய்வதற்கு முன் அலுவலகத்தைத் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசுங்கள். பார்க்கின் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்: இந்தக் கேபினுக்கும் அந்தக் கூடாரத்துக்கும் நடுவே எத்தனை மனை? கேபின் வாசலில் எத்தனை படி, கைப்பிடி உண்டா? குளியலறையில் தொட்டியா, தரைமட்ட ஷவரா? சக்கர நாற்காலிக்கு ஏற்ற கேபின் பல பார்க்குகளில் ஒன்றிரண்டு இருக்கும், கேட்டால்தான் சொல்வார்கள். குதிக்கும் மெத்தைக்கும் நுழைவாயிலுக்கும் பக்கத்து மனைகளைத் தவிர்த்துவிடுங்கள். குழந்தைகளை அடுக்குக் கட்டிலில் படுக்கவைப்பதானால், மேல் கட்டில் ஒன்பது வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அல்ல என்பது இந்த நாட்டின் பாதுகாப்பு அறிவுரை. ‘ஆறு பேர் தங்கலாம்’ என்று போட்டிருந்தால், அந்த ஆறில் மேல் கட்டில்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

கூடாரத்தில் இரண்டு இரவு போதும் என்பது என் கணிப்பு. மூன்றாவது நாள் ஈரத் துண்டும் மணலும் சேர்ந்து மெத்தைவரை வந்துவிடும். துணி காயவைக்க இடமிருக்காது. அதற்கு மேல் தங்குவதானால் எல்லாருக்கும் கேபின் எடுங்கள்.

எங்கே போகலாம்

சிட்னியிலிருந்து முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது போர்ட் ஸ்டீஃபன்ஸ். வடக்கே சுமார் 200 கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். பெரியவர்கள் நடுவில் ஒருமுறை இறங்கி நின்றால் போதும். இங்கே ஒன் மைல் பீச் பக்கம் நகராட்சி நடத்தும் கோவாலா சரணாலயம் 2020-ல் திறக்கப்பட்டது. அடிபட்ட, நோயுற்ற கோவாலாக்களுக்கு மருத்துவமனையும், அதே வளாகத்தில் தங்கக் கேபின்களும் கிளாம்பிங் கூடாரங்களும் இருக்கின்றன. நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து, தலைநகர்ப் பகுதி மூன்றிலும் கோவாலாவை அழியும் நிலையில் உள்ள உயிரினமாக 2022 பிப்ரவரியில் அறிவித்தார்கள். மரங்களின் உயரத்துக்குக் கட்டியிருக்கும் நடைபாலத்தில் நின்று, கிளைக் கவட்டில் சுருண்டு தூங்கும் ஒன்றைப் பத்து நிமிடம் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தான் என் மகன். வீட்டில் அவனைப் பத்து நொடி உட்காரவைக்க முடியாது.

நெல்சன் பேயிலிருந்து படகில் போனால் டால்பின்களை ஆண்டு முழுவதும் பார்க்கலாம். மே முதல் நவம்பர் வரை திமிங்கிலங்கள் கடந்துபோகும் காலம். டோமரி குன்று 161 மீட்டர்தான், ஆனால் செங்குத்து. வயதானவர்களை அடிவாரத்தில் ஷோல் பே கரையில் நிழல் பார்த்து உட்காரவைத்துவிட்டு மற்றவர்கள் ஏறி வரலாம். தெற்கே 32 கிலோமீட்டர் நீளும் ஸ்டாக்டன் மணல்மேடுகள் வோரிமி பழங்குடி மக்களின் நிலம். சொந்த வண்டியை ஓட்டிப்போக அனுமதிச் சீட்டு வாங்கவேண்டும்.

எங்கள் இரண்டாவது பயணம் இங்கேதான். மாமியாருக்கு ஒரே ஒரு படி ஏறும் கேபின், எதிரே இருபது அடியில் எங்கள் கூடாரம். காலையில் அவர் வராந்தாவில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். பேரன் செருப்பில்லாமல் இரண்டு வாசலுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தான். கும்பகோணத்து வீட்டு முற்றம் மாதிரி இருக்கிறது என்று அவரே சொன்னார். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு டம்ளர் காலியாகி இருந்தது.

குழந்தைகளுக்கு விலங்குகள்மேல் பித்து என்றால் டப்போ. சிட்னியிலிருந்து ஏறக்குறைய 400 கிலோமீட்டர் உள்நாட்டில், 1977-ல் திறந்த டரோங்கா வெஸ்டர்ன் ப்ளெயின்ஸ் விலங்குக்காட்சிசாலையைக் காரிலோ வாடகைச் சைக்கிளிலோ சுற்றலாம். காட்சிசாலைக்கு உள்ளேயே ஒட்டகச்சிவிங்கி மேயும் புல்வெளியைப் பார்த்தபடி தங்கும் விடுதிகள் உண்டு, விலை அதிகம். ஊருக்குள் இருக்கும் ஹாலிடே பார்க்கில் தங்கி இரண்டு நாள் போய்வந்தாலும் குழந்தைகளின் சந்தோஷத்தில் குறைவிருக்காது. குளிர்காலத்தில் டப்போவின் இரவு பூஜ்யத்துக்குக் கீழே போகும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

மெல்போர்ன்காரர்களுக்கு வில்சன்ஸ் ப்ராமண்டரியின் டைடல் ரிவர். மூன்று மணி நேரப் பயணம். அங்கே குளியலறையோடு கூடிய சஃபாரி கூடாரங்கள் உண்டு. சமையல் மட்டும் பொதுக் கூடாரத்தில். கோடை உச்ச வாரங்களில் முகாம் மனைகளைக் குலுக்கல் முறையில்தான் ஒதுக்குவார்கள். சாயங்காலம் வாம்பட் என்னும் விலங்குகள் புல்வெளிக்கு மேய வரும். பார்க்கச் சாதுவாக இருக்கும், ஆனால் உள்ளே சாப்பாட்டு வாசனை வந்தால் கூடாரத்தைக் கிழித்துக்கொண்டு நுழையும் பலம் அவற்றுக்கு உண்டு. பிஸ்கட் பொட்டலம்கூடக் காரில்தான் இருக்கவேண்டும்.

எப்போது போகலாம்

டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி கடைசிவரை பள்ளி விடுமுறை. வாடகை உச்சத்தில் இருக்கும். கடலோரப் பார்க்குகள் பலவற்றில் ஐந்து அல்லது ஏழு இரவுகளுக்குக் குறைவாகத் தரமாட்டார்கள். வருடாவருடம் அதே வாரம் அதே மனைக்கு வரும் குடும்பங்கள் உண்டு, அவர்களுக்குத்தான் முதல் உரிமை. ஈஸ்டரும் அப்படியே. இன்னும் பள்ளி போகாத குழந்தை இருந்தால், பெரியவர்கள் ஊரிலிருந்து வந்திருந்தால், உங்களுக்குக் கிடைத்த பெரிய வசதி பள்ளி நாட்கள்தான். பிப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலும் கடல்நீர் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும், பார்க் காலியாக இருக்கும், ஞாயிறு முதல் வியாழன் வரை வாடகையும் இறங்கியிருக்கும். என் ஓட்டு மார்ச்சுக்கு.

ஏப்ரல் முதல் ஞாயிற்றுக்கிழமை கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். அதற்குப் பிறகு மாலை சீக்கிரம் இருட்டும். இருட்டும் நேரம்தான் சாலையில் கங்காருக்கள் குறுக்கே பாயும் நேரம். மதியம் மூன்று மணிக்குள் போய்ச் சேரும்படி கிளம்புங்கள். சாவி தருவது எப்படியும் இரண்டு மணிக்குத்தான்.

சமையல்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் விடுமுறை கெடுவதும் சிறப்பதும் இங்கேதான். சின்ன ஊர்களில் கடைகள் இரவு எட்டு மணிக்கே மூடிவிடும். சைவச் சாப்பாடு என்றால் உருளைக்கிழங்கு வறுவலும் சீஸ் பீட்சாவும்தான். மூன்றாம் வேளைக்குப் பெரியவர்கள் தயிர்சாதத்துக்கு ஏங்கிவிடுவார்கள்.

பொதுச் சமையற்கூடத்தில் அடுப்பு, பார்பெக்யூ, மைக்ரோவேவ், குளிர்பெட்டி, கெட்டில், தொட்டி இருக்கும். பாத்திரம் இருக்காது. கேபினில் பாத்திரம் இருக்கும், ஆனால் கட்டில் எண்ணிக்கைக்குச் சரியாகத் தட்டும் ஸ்பூனும், வளைந்துபோன இரண்டு வாணலியும். கொண்டுபோகவேண்டியது மூன்று லிட்டர் குக்கர், ஒரு நல்ல கத்தி, அஞ்சறைப்பெட்டி, இடுக்கி. புதுக் கேபின்களில் இண்டக்‌ஷன் அடுப்பு வைக்கிறார்கள். அலுமினியக் குக்கர் அதில் சூடாகாது, அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிட்டு எடுத்துப் போங்கள்.

கேபினுக்குள் தாளிக்காதீர்கள். சிறிய அறை, தாழ்ந்த கூரை, தலைக்கு மேலேயே புகையை உணரும் அலாரம். காய்ந்த மிளகாய் எண்ணெயில் விழுந்த மறு நிமிடம் அது அலறும், தூங்கும் குழந்தை எழுந்துவிடும். தாளிப்பை வெளிக்கூடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கூடாரத்துக்குள்ளோ எந்த அடுப்பையுமே பற்றவைக்கக் கூடாது. தீப்பிடிப்பது ஒரு பயம். மூடிய கூடாரத்தில் கார்பன் மோனாக்சைடு சேர்வது அதைவிடப் பெரிய பயம், ஏனென்றால் அதற்கு வாசனை கிடையாது. குளிருக்குக் கரியடுப்பை உள்ளே கொண்டுவரும் எண்ணமும் வேண்டாம்.

பார்பெக்யூ தட்டில் தோசை வார்க்கலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். வார்க்கலாம். மின்சாரத்தில் ஓடும் வகைதான் பெரும்பாலும். பொத்தானை அழுத்தினால் கொஞ்ச நேரம் சூடாகித் தானே அணையும், திரும்ப அழுத்தவேண்டும். தட்டின் நடுவில் கொழுப்பு வடிய ஒரு துளை இருக்கும், தட்டு முழுவதும் அதை நோக்கி லேசாகச் சாய்ந்திருக்கும். அதனால் தண்ணீராகக் கரைத்த மாவு ஓடிவிடும். மாவைக் கெட்டியாக வைத்து ஊத்தப்பமாக ஊற்றுங்கள்; வெங்காயம் தூவினால் அந்தச் சாய்விலும் நிற்கும். நமக்கு முன்னால் அதே தட்டில் இறைச்சி வாட்டியிருப்பார்கள். சைவர்கள் வீட்டிலிருந்து தோசைக்கல்லைக் கொண்டுபோய்ச் சமையற்கூடத்து அடுப்பில் வைத்துக்கொள்வதுதான் நிம்மதி. மாவை ஐஸ் பெட்டியில், பாதி காலியாக விட்ட டப்பாவில் எடுத்துப் போங்கள். கோடையில் கார் டிக்கியில் இரண்டு மணி நேரம் போதும், மாவு பொங்கி மூடியைத் தள்ளிவிடும்.

முதல் இரவுக்குப் புளியோதரையும் தயிர்சாதமும் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போங்கள். வந்த அலுப்பில் யாரும் அடுப்பைத் தொடவேண்டியதில்லை. தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் காரில் நுழைவதானால் பழ ஈ கட்டுப்பாடு கடுமையாக இருக்கும். பழமும் காய்கறியும் எல்லைக்கு முன்பே தீர்ந்துவிடும்படி கணக்குப் போட்டு வாங்குங்கள்.

இரவு

கேன்வாஸ் சத்தத்தைத் தடுக்காது. பக்கத்துக் கூடாரத்தின் இருமல் கேட்கும், அவர்களுக்கு நம் பேச்சு கேட்கும். பத்து மணிக்கு மேல் அமைதி என்பது பெரும்பாலான பார்க்குகளில் விதி. கோடையில் சிட்னியில் இரவு பத்து மணி என்றால் சென்னையில் மாலை நாலரை. ஊரில் எல்லாரும் காபியோடு உட்கார்ந்து வீடியோவில் கூப்பிடும் நேரம் அதுதான். காரின் உள்ளே போய் உட்கார்ந்து பேசுங்கள். கூரைமேல் யாரோ நடக்கிற மாதிரி சத்தம் வந்தால் அது பாஸம் என்னும் மரவிலங்கு. பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் பயப்படமாட்டார்கள். விடியற்காலையில் குக்கபரா பறவை சிரிப்பதுபோல் கூவும். அதற்குப் பிறகு குழந்தைகள் தூங்குவார்கள் என்று எதிர்பார்க்கவேண்டாம்.

கூடாரத்தில் ஹீட்டர் இருக்கிறது என்றால் எந்த மாதிரி என்று கேளுங்கள். குளிர்காலத்தில் ஆளுக்கொரு கம்பளியும் காலுறையும் கூடுதலாக வையுங்கள். ஹீட்டரையும் கெட்டிலையும் ஒரே நேரத்தில் போட்டால் பல இடங்களில் மின்சாரம் கட்டாகிவிடும். தலைமாட்டில் ஒவ்வொருவருக்கும் தனி டார்ச், வாசலில் நுழைக்க எளிதான செருப்பு.

தீ, கடல், ஆம்புலன்ஸ்

2020 ஜனவரி 2-ஆம் தேதி, நியூ சவுத் வேல்ஸ் தெற்குக் கடற்கரையில் பேட்மன்ஸ் பே முதல் விக்டோரியா எல்லைவரை, விடுமுறைக்கு வந்தவர்கள் எல்லாரும் உடனே வெளியேறும்படி தீயணைப்புத் துறை அறிவித்தது. 2024 டிசம்பரில் கிராம்பியன்ஸ் மலையில் தீ பரவியபோது ஹால்ஸ் கேப் காலி செய்யப்பட்டது. இரண்டுமே ஹாலிடே பார்க்குகள் நிரம்பி வழியும் வாரங்கள். கோடையில் போகும் எவரும் தீ அபாய அறிவிப்பின் நான்கு நிலைகளைத் தெரிந்துவைத்திருக்கவேண்டும்: மிதம், அதிகம், தீவிரம், பேரழிவு. கடைசி நிலை அறிவிக்கப்பட்ட நாளில் காட்டையொட்டிய பார்க்கில் இருக்காதீர்கள். முந்தைய நாளே கிளம்புங்கள், கட்டிய பணத்தைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். நியூ சவுத் வேல்ஸில் ஹஸார்ட்ஸ் நியர் மீ, விக்டோரியாவில் விக்எமர்ஜென்சி செயலிகளை வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். சின்ன ஊர்களில் சிக்னல் பலமாக இருக்காது. கார் டேங்க் பாதிக்குக் கீழே போகவிடாதீர்கள்.

கடலில் சிவப்பும் மஞ்சளும் கலந்த கொடிகளுக்கு நடுவே மட்டும்தான் குளிக்கவேண்டும். ஊருக்கு வெளியே பல கடற்கரைகளில் கோடை முடிந்ததும் கொடி நடமாட்டார்கள். கொடி இல்லையென்றால் முழங்கால் நீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், குழந்தையின் கையை விடாமல். அலையடிக்காத அமைதியான நீர்ப்பட்டை மணலைக் கலக்கியபடி கரையிலிருந்து கடலை நோக்கிப் போனால், அது இழுத்துச் செல்லும் நீரோட்டம். அமைதியாகத் தெரிவதால்தான் அங்கே போய் இறங்குகிறார்கள்.

அவசரத்துக்கு எண் 000. நியூ சவுத் வேல்ஸிலும் விக்டோரியாவிலும் ஆம்புலன்ஸுக்கு மெடிகேர் என்னும் அரசு மருத்துவக் காப்பீடு பணம் கட்டாது. ஊரிலிருந்து வந்த பெற்றோருக்கு எடுத்த பயணக் காப்பீட்டில் ஆம்புலன்ஸ் சேர்ந்திருக்கிறதா என்று கிளம்புமுன் பாருங்கள். அவர்கள் மாத்திரைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கு காரில், ஒரு பங்கு கைப்பையில்.

கிளம்பும் நாள்

காலை பத்து மணிக்குச் சாவி கொடுக்கவேண்டும். ஐந்து பேர் குளித்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவிக் கிளம்ப இது போதாது. முந்தைய சாயங்காலமே பாதி மூட்டையைக் காரில் ஏற்றிவிடுங்கள். காலைக்கு ரொட்டியும் பழமும், கழுவப் பாத்திரம் இல்லாதபடி. பெரியவர்களின் மூக்குக்கண்ணாடி, பல்செட், சார்ஜர் மூன்றும் இருக்கிறதா என்று அவர்களிடம் கேட்காதீர்கள், நீங்களே கட்டிலுக்கடியில் குனிந்து பாருங்கள்.

ஜெர்விஸ் பே பக்கமிருந்து சிட்னி திரும்புகிறவர்கள் வழியில் ஹெலன்ஸ்பர்க் வெங்கடேஸ்வரா கோயிலில் நிறுத்தலாம். வார இறுதியில் கோயில் கேண்டீனில் தோசை கிடைக்கும். திறந்திருக்கும் நேரத்தை முந்தைய நாளே பார்த்துக்கொள்ளுங்கள். மணல் ஒட்டிய துணிகளைத் தனிப் பையில் போட்டு டிக்கியின் அடியில் வையுங்கள், பெரியவர்கள் மாற்றிக்கொள்ள நல்ல புடவை, வேட்டி மேலே இருக்கட்டும்.